எத்தனை வருஷம் ஆனால் விளையாடலாம்?

"வெறும் விளையாட்டுதானே" என்ற வாக்கியத்தை நான் இரண்டு வகை ஆட்களிடமிருந்து கேட்கிறேன். முதல் வகை, இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள். முப்பது தாண்டிய ஒருத்தன் சனிக்கிழமை மதியங்களில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமுள்ள உலோகச் சிப்பாய்களுக்கு மூன்றே மயிர் கொண்ட தூரிகையால் பொத்தான் வரைவதைப் பார்த்தால் வருகிற இளக்காரம் அது. இரண்டாம் வகை, என்னோடு சேர்ந்து உட்கார்ந்து பொத்தான் வரைகிறவர்கள். இந்தப் போர்க்களத்தில் ஊர்க்காரர் ஒருத்தர்கூட ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் போதும், அதே வாக்கியத்தைக் கேடயமாகத் தூக்கிக்கொள்வார்கள். "பாஸ், வெறும் விளையாட்டுதானே, இதுல அரசியல் எதுக்கு?"

முதல் வகை மேல் எனக்குப் புகார் இல்லை. நான் சண்டை போட விரும்புவது இரண்டாம் வகையோடு.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வரலாற்றில் நடந்த ஏதோ ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். அது நடந்த நிலத்தை ஆறுக்கு நான்கு அடி மேசையில் செய்வோம். இரு தரப்புப் படைகளையும் பொம்மைகளாக நிறுத்தி, இஞ்ச் டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, விதிப்புத்தகத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்து யார் நின்றார்கள், யார் ஓடினார்கள் என்று முடிவு செய்வோம். சதுரங்கம் மாதிரி கட்டங்கள் கிடையாது. ஆட்டம் நாலு மணி நேரம், மேசை செய்ய நாலு மாசம்.

எனக்குப் பிடித்தது அந்த நாலு மாசம்தான். தெர்மாகோலை வெட்டினால் உருண்டை உருண்டையாக உதிரும், அதனால் கெட்டி ஃபோம் பலகை. சூடான கம்பியில் மேடு பள்ளம் வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசி, அதன் மேல் சலித்த மணல். குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்தால் மரத்தடியில் மக்கிக் கிடக்கும் சருகு. தேங்காய் நாரை நறுக்கி நட்டால் சோளக்கொல்லை. அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கொலுவுக்கு பார்க் கட்டுற மாதிரியே இருக்கேடா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். உடைந்த கண்ணாடியில் குளம், முளைவிட்ட கேழ்வரகில் வயல் என்று கொலுவில் கட்டும் அந்த பார்க்தான் இது. ஆனால் கொலு பார்க்கில் காய்கறிக்காரி இருப்பாள், செட்டியார் இருப்பார், கல்யாண கோஷ்டி, போலீஸ்காரர், மாடு கன்று எல்லாம் இருக்கும். எங்கள் மேசையில் சிப்பாய்கள் மட்டும்தான்.

இது தற்செயல் இல்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் மேசையின் வேலையே. கணக்காகச் சொல்கிறேன். 5 கிலோமீட்டர் களத்தை ஆறடி நீளத்துக்குள் அடக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வரும். என் ஒன்றரை சென்டிமீட்டர் சிப்பாய் அந்த நிலத்தில் 41 மீட்டர் உயரம், அதாவது பன்னிரண்டு பதிமூன்று மாடி அடுக்ககம். அவன் பக்கத்தில் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று நாலு சென்டிமீட்டரில் ஒரு குடிசை வைத்தால் அது 110 மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு ஊருக்கு இரண்டு குடிசை, மூன்று மரம். இது ஒரு சமரசம், வேறு வழியில்லை. ஆனால் சமரசம் செய்தவன் யார், யாரைச் சுருக்கினான் என்று கேட்கலாம் இல்லையா? கேட்டால்தான் "வெறும் விளையாட்டு" வருகிறது.

வெறும் விளையாட்டு என்றால் வெலிங்டன் பிரபு எதற்காகப் பொம்மைகளைப் பற்றிக் கவலைப்பட்டார்?

வில்லியம் சைபோர்ன் என்று ஒரு பிரிட்டிஷ் லெப்டினன்ட். நில அளவையிலும் நிலத்தை மாதிரியாகச் செய்வதிலும் விற்பன்னர், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். 1830-இல் ராணுவத் தலைமை அவரிடம் வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்யச் சொன்னது. அவர் போன விதம்தான் எனக்கு ஆச்சரியம். போரின் நடுமையத்தில் இருந்த லா ஏ சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு போரில் பங்கெடுத்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் காவல்படை கடைசித் தாக்குதலுக்கு வந்தபோது, உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? எந்த வடிவத்தில் நின்றது? உங்களுக்கு எதிரே யார்? காலடியில் என்ன பயிர் விளைந்திருந்தது? ஆமாம், பயிரையும் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. போரில் நின்றவர்களிடம் இவ்வளவு பேரிடம், இவ்வளவு முறையாகக் கேள்வி கேட்டு நிலத்தோடு பொருத்திப் பார்த்தவர் அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மென்பொருள் வேலையில் இருக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒன்றுக்கொன்று முரண்படும் எழுநூறு பயனர் புகார்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நொடியில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை அது. அந்த ஆள் அதைப் பேனாவும் தபாலும் வைத்துச் செய்திருக்கிறார்.

நடுவில் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. சைபோர்ன் கடன் வாங்கித் தொடர்ந்தார். 1838-இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மாதிரி காட்சிக்கு வந்தபோது அதன் பரப்பு சுமார் 400 சதுர அடி, பொம்மைகள் சுமார் 75,000. ஒரு பொம்மைக்கு இரண்டு சிப்பாய் கணக்கு. மக்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து முண்டியடித்துப் பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், கடிதங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது அந்த ஏழு மணிக்குப் பிரஷ்யப் படை ஏற்கெனவே பெருந்திரளாகக் களத்தில் இருந்தது. சைபோர்ன் அவர்களை அப்படியே வைத்தார். வாட்டர்லூ பிரிட்டிஷ் வெற்றி, பிரஷ்யர்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள் என்று பழகிப்போன ஒரு கதைக்கு அது இடைஞ்சல். வெலிங்டன் சைபோர்னுக்கு ஒத்துழைக்கவில்லை. பிரஷ்யர்களை அங்கே வைத்தால் தவறான எண்ணம் உண்டாகும் என்ற ஆட்சேபம் அவருடைய பழைய செயலர் ஃபிட்ஸ்ராய் சாமர்செட் வழியாக வந்தது. கடைசியில் சைபோர்ன் ஆயிரக்கணக்கான பிரஷ்யப் பொம்மைகளை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். உண்மையிலேயே மனம் மாறி எடுத்தாரா, நெருக்கடியில் எடுத்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கடன் தீராமலே 1849-இல் இறந்துபோனார். அந்த மாதிரி இப்போது செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எடுத்த பிரஷ்யர்கள் எடுத்தபடியே.

ஐரோப்பாவின் மிகச் சக்திவாய்ந்த மனிதர்களில் ஒருவர், அரை அங்குலத்துக்கும் குறைவான தகரப் பொம்மைகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொருட்படுத்தியிருக்கிறார். ஏனென்றால் புத்தகத்தில் "பிரஷ்யர்கள் மாலையில் வந்தனர்" என்று மழுப்பலாக ஒரு வரி எழுதிவிடலாம். மேசையில் மழுப்ப முடியாது. பொம்மை ஒன்று இங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் அங்கே. எங்குமே நிற்காமல் இருக்க அதனால் முடியாது. எழுத்தைவிட மேசையை நான் நம்புவது இதனால்தான், அதன் மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

போர் விளையாட்டின் பிறப்பே இப்படித்தான். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் தன் அப்பாவின் பழைய ஆட்டத்தைத் திருத்தி, வரைபடமும் பகடையும் நடுவரும் வைத்து ஆடிக் காட்டியபோது, தலைமைத் தளபதி ம்யூஃப்லிங் முதலில் ஆர்வமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். ஆட்டம் போகப்போக, இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று உற்சாகமாகிவிட்டார். படை முழுக்க அந்த ஆட்டத்தைப் பரப்பவும் செய்தார். ஒரு தகவலுக்காக: வாட்டர்லூவில் வெலிங்டனின் தலைமையகத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்தவரும் இதே ம்யூஃப்லிங்தான். பிரஷ்யர்கள் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று அவரிடம் கேட்டிருந்தால் போதும்.

இனி நம் பக்கம் வருவோம். வெலிங்டன் வெலிங்டன் ஆவதற்கு முன்னால் ஆர்தர் வெல்லெஸ்லி. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில், அசாயே என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், சிந்தியா, போன்ஸ்லே இருவருடைய மராட்டியப் படையை எதிர்கொண்டார். நான் கடைசியாகச் செய்த மேசை அதுதான். போர் விளையாட்டுக்காரர்களுக்கு அசாயே என்றால் தித்திப்பு, அதற்குக் காரணம் ஒரு ஆற்றுத்துறை. மராட்டியர்கள் கைட்னா ஆற்றுக்குப் பின்னால் வலுவாக நின்றார்கள். வேறு இடத்தில் ஆற்றைக் கடக்க வழியே இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். வெல்லெஸ்லி தொலைநோக்கியில் பார்த்தார். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள், பீபல்காவ்ன், வாரூர். இரண்டு ஊர் இப்படி முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் போய்வர நடுவில் ஒரு துறை இல்லாமலா இருக்கும் என்று யோசித்தார். இருந்தது. படை அங்கே கடந்தது. போர்க்களத்தில் நீங்கள் செய்ததிலேயே சிறந்த காரியம் எது என்று வயதான காலத்தில் கேட்டபோது, அவர் வாட்டர்லூவைச் சொல்லாமல் அசாயேயைச் சொன்னதாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையைச் சொல்லாமல் அசாயே மேசையை யாரும் விரிப்பதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் துறை எப்படி வந்தது? ஆடு மாடு ஓட்டிக்கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சந்தைக்குப் போய்வந்து, தலைமுறை தலைமுறையாக அந்த இரண்டு ஊர் ஜனங்கள் மிதித்து வந்த பாதை அது. வெல்லெஸ்லியின் மிகச் சிறந்த காரியம் அவர்களுடைய கால்களைக் கடன் வாங்கிச் செய்தது. மேசையில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு குடிசை, மூன்று மரம். பல மேசைகளில் பொம்மைகளை நகர்த்த இடைஞ்சல் என்று அந்தக் குடிசையின் கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

அடுத்தது மாடு. தக்காணத்தில் வெல்லெஸ்லியின் போர் என்பது மாட்டின் போர். தானியம் சுமந்தது நாம் லம்பாடி என்று சொல்கிற பஞ்சாராக்களின் பொதிமாடுகள். அவருடைய கடிதங்களைப் புரட்டினால் துப்பாக்கியைவிட மாட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார். ஒரு விதிப்புத்தகத்தில் மாடு எங்கே வருகிறது? பீரங்கி இழுக்க வருகிறது, அதுவும் வேகத்தைக் குறைக்கும் ஒரு எண்ணாக. பஞ்சாரா ஒரு எண்ணாகக்கூட வருவதில்லை.

அப்புறம் செத்தவர்கள். வெல்லெஸ்லி தரப்பில் மட்டும் 428 பேர் செத்தார்கள், 1,138 பேர் காயம். மராட்டியத் தரப்புக்கு உத்தேசக் கணக்குதான். 74-வது ஹைலாண்டர் படைப்பிரிவு சுமார் 500 பேரோடு உள்ளே போனது. ஒரு கட்டளைக் குழப்பத்தில் நேராக அசாயே ஊரின் பீரங்கிகளுக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டது. செத்ததும் காயம்பட்டதுமாக 400 பேர் போனார்கள். என் அளவில் ஒரு பொம்மைக்கு 30 பேர் என்றால் பதினேழு பொம்மையில் பதின்மூன்று. ஆட்டத்தில் என்ன செய்கிறோம்? விழுந்த பொம்மையை இரண்டு விரலால் எடுத்து, பெயிண்ட் உரிந்துவிடாமல் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் பத்திரமாக வைக்கிறோம். களம் சுத்தம். அடுத்த படை அந்த இடத்தில் தடங்கல் இல்லாமல் நடந்து போகிறது. இதுவரை நடந்த எந்தச் சண்டையிலும் இப்படி நடந்ததில்லை.

அங்கே செத்தவர்களில் பெரும்பங்கு யார் என்பது நம் ஊர் விஷயமும்கூட. வெல்லெஸ்லியின் காலாட்படையில் ஐந்து பட்டாளங்கள் மதராஸ் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். இன்றைய மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இருக்கும் யானை அசாயே யானைதான். அந்த ரெஜிமென்ட்டின் தலைமையகம் இருக்கும் நீலகிரி ஊரின் பெயர் வெலிங்டன். இன்னொரு பக்கம், இந்திய மண்ணின் ஆட்சியாளர்களை எதிர்த்துப் பெற்ற வெற்றி என்பதால், கொண்டாடத் தகாத போர் விருதுகளில் ஒன்றாகவே இந்திய ராணுவம் அசாயேயைக் கருதுகிறது. சின்னத்தில் யானை நிற்கிறது, விருதைக் கொண்டாட முடியவில்லை. இவ்வளவு சிக்கலான ஒரு பொருளை மேசையில் வைத்துக்கொண்டு "அரசியல் எதுக்கு பாஸ்" என்றால் எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயரைப் பொம்மையின் அடியில் சீட்டெழுதி ஒட்டுவார்கள். சிப்பாய்களின் அடியில் "மதராஸ் 1", "மதராஸ் 2".

கனடாவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆற்றைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீரா என்று. வேலைப்பாடு நல்லாயிருக்கு என்றார். இது எப்ப நடந்தது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருநூறு வருசம் எண்டா விளையாடலாமோ தம்பி? அப்ப எங்கடதுக்கு எத்தினை வருசம் வேணும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. அனுபவித்தவர்கள் உயிரோடு இருக்கும்வரை விளையாடக் கூடாது என்பார்கள். கேட்க கௌரவமாக இருக்கிறது, ஆனால் யாரும் பின்பற்றவில்லை. இரண்டாம் உலகப்போரில் சுட்டவர்கள் நடுத்தர வயதைத் தாண்டுவதற்குள் அதன் டாங்குகள் மேசைக்கு வந்துவிட்டன. வருஷக் கணக்கு ஒரு சாக்கு. முள்ளிவாய்க்காலை நான் மேசையில் செய்ய மாட்டேன். அது 2009 என்பதால் மட்டும் இல்லை. நான் செய்தால், அந்தக் கடற்கரையில் தரப்பாள் கொட்டில்களில் இருந்த ஜனங்களை எங்கே வைத்தாய் என்று கேட்க ஆள் இருக்கிறது, அந்த ஆள் என் வீட்டுக்கே வந்து மேசையைத் தொட்டுப் பார்க்கிறார். அந்த ஜனங்களை வைத்தால் அது விளையாட்டாக இருக்காது, வைக்காவிட்டால் பொய். அசாயேயில் அதே ஜனங்கள் இருந்தார்கள். பீபல்காவ்ன்காரர் யாரும் வந்து கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருநூறு வருஷத்தில் போய்ச்சேர்ந்தது வலி இல்லை, கேள்வி கேட்கிற ஆள்.

இதனால் விளையாடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சுலபமான நல்லவன் வேஷம். இந்த மேசை இல்லையென்றால் எனக்கு அந்தத் துறையும் தெரியாது, அந்தப் பாதையை மிதித்த கால்களும் தெரியாது. சரித்திர நாவலில் "இரு படைகளும் மோதின" என்று ஒரு வரியில் கடந்திருப்பேன். நான் கேட்பது, மேசையைக் கூட்டுங்கள் என்பது. ஊரில் ஆட்களை வையுங்கள். குண்டு விழுந்தால் அவர்கள் ஓடட்டும், ஓடி உங்கள் குதிரைப்படையின் வழியில் வரட்டும். பொதிமாடுகளை வையுங்கள், அவற்றை இழந்தவன் ஆட்டத்தை இழக்கட்டும். விழுந்த பொம்மையை டப்பாவில் போடாதீர்கள், விழுந்த இடத்தில் படுக்கப் போடுங்கள். அதைத் தாண்டிப் போகிற படையின் வேகம் குறையட்டும்.

ஆட்டம் மெதுவாகிவிடும் என்கிறார்கள். ஆகும். ரசிக்க முடியாது என்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1942-இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு கூடத்தின் தரையையே கடலாக்கி விளையாடியது. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியின் கீழ் பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதுப் பெண்கள் அதை நடத்தினார்கள். ஆட வந்த கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, அதிலிருந்த சின்னத் திறப்பு வழியாக மட்டும்தான் தரையைப் பார்க்க முடியும். கப்பல் தளத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். நீர்மூழ்கியின் தடத்தை அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நிறச் சாக்பீஸில் வரைந்தார்கள். கடவுள் மாதிரி மேலிருந்து பார்க்கும் சுகத்தை அந்தப் பெண்கள் வேண்டுமென்றே பிடுங்கினார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் வெளியிலிருந்து சுடவில்லை, கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே புகுந்து சுடுகின்றன என்பது அந்தத் தரையில்தான் புரிந்தது. ஆட்டத்தைச் சிரமமாக்கினார்கள், அது கூர்மையானது.

எச்.ஜி. வெல்ஸ் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, பொம்மைச் சண்டை நிஜப் போர் ஆசைக்கு மாற்று மருந்து என்று வாதாடினார். அடுத்த வருஷம் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஆட்கள் இன்றும் அவரைக் காட்டி, "பார்த்தீங்களா, நாங்கள் சமாதான வாதிகள்" என்பார்கள். வெல்ஸ் நல்ல மனுஷர், நல்ல எழுத்தாளர். அவர் மேசையிலும் யாருக்கும் ரத்தம் வரவில்லை.

அடுத்த அசாயே ஆட்டம் பொங்கல் விடுமுறையில். விதிகளை நானே திருத்தியிருக்கிறேன், ஆட வருகிறவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து சண்டை போடலாம். கடையில் பொதிமாடு தேவையான எண்ணிக்கையில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை ஒத்துவரவில்லை. எம்-சீலில் நானே செய்கிறேன். உடம்பு வந்துவிடுகிறது, கொம்புதான் ஒடிந்துகொண்டே இருக்கிறது. குண்டூசியை வெட்டி வளைத்துச் சொருகிப் பார்த்ததில் நிற்கிறது. இதுவரை அறுபத்து நாலு மாடு ஆயிற்று. ஓட்டுகிறவர்களை இன்னும் தொடங்கவில்லை.